கோவிலும் வாக்குச்சாவடியும்



நான் குடியிருக்கும் வைத்திக்குப்பத்தில் பெரும்பாலோர் கடலோடிகள். மாசி மகத்தன்று சுற்றுவட்டத்துத் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கடற்கரை அது. அங்கு வாழும் கத்தோலிக்கருள் நானும் ஒருவன். தேர்தல் நெருங்கும்போதெல்லாம் அயல்வீட்டு மீனவர் ஒருவர் தவறாமல் என்னைக் கேட்பார்: "ஏன் வாத்தியாரய்யா, இந்தத் தடவை உங்க சாமியாரு யாருக்கு ஓட்டுப் போடச் சொல்லியிருக்காரு?"

கிறிஸ்தவர் வாக்கு என்று ஒரு மூட்டை உண்டென்றும், அதனைக் கட்டிய கயிறு கோவிலில் இருக்கிறதென்றும் அவர் எண்ணுகிறார். அவ்வெண்ணம் கட்சிக்காரருக்கும் உண்டு. எங்களுள் சிலருக்கும் உண்டு. ஆதலின் அதனைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

திருச்சபை கூறுவது யாது? 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம், 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டினை 1965 டிசம்பர் 7-ஆம் நாள் வெளியிட்டது. திருச்சபை எந்த அரசியல் அமைப்போடும் ஒன்றாகிவிடுவதில்லை என்பது அதன் போதனை. ஆயின் மனிதனின் அடிப்படை உரிமைகளுக்கு ஊறு நேருமிடத்து, அரசியற் காரியங்களைப் பற்றியும் அறநெறி நின்று தீர்ப்புக் கூறலாம் என்றும் அது சொல்கிறது. சுருங்கச் சொன்னால், கட்சி இல்லை, மனச்சான்று உண்டு.

நம் நாட்டுக் கிறிஸ்தவத் தலைவர்கள் இந்நெறியை முன்னரே செயலிற் காட்டினர். அரசியல் நிர்ணய சபையில் சிறுபான்மையோர் குழுவுக்குத் தலைவராயிருந்த எச். சி. முகர்ஜியும், சென்னையிலிருந்து சென்ற இயேசு சபைத் துறவி ஜெரோம் டிசூசாவும், சமயத்தின் பேரால் சட்டசபையில் தனி இடங்கள் வேண்டா என்று 1949-இல் எடுத்த முடிவுக்குத் துணை நின்றனர். தம் மறையைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை இருந்தாற் போதும் என்றனர். அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதனை வழங்கிற்று.

அப்படியாயின் மனச்சான்று பேச வேண்டிய இடம் எது? என் பள்ளி வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது அண்ணன் தம்பி மக்கள் இருவர் ஒரே வகுப்பிற் படித்தனர். ஒரே சேரி, ஒரே தெரு. ஒருவன் வீட்டார் இந்துக்கள். அவனுக்கு ஆதிதிராவிடர் சான்றிதழ் கிடைத்தது. மற்றவன் திருமுழுக்குப் பெற்றவன். அவனுக்கு அது கிடைக்கவில்லை. மேற்படிப்பு விண்ணப்பத்தை நிரப்பும் நேரத்தில் அவன் கேட்டான்: "ஐயா, டீக்கடையில எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தனிக் கிளாஸ்தான். சர்ட்டிபிகேட்டுல மட்டும் ஏன் வேற வேற?"

காரணம் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை. இந்துக்கள் அல்லாதார் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்பது அதன் மூன்றாம் பத்தி. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. இத்தடையை நீக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. இதனை மீண்டும் ஆராய நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் 2022-இல் அமைக்கப்பட்டது.

எதிர்த்தரப்பின் வாதம் எளிது: கிறிஸ்தவ மறையில் சாதி இல்லையே, பின் சாதியால் வரும் இழிவு எங்ஙனம் இருக்கும்? நாம் நம் மறையின்படி வாழ்ந்திருந்தால் இவ்வாதத்துக்கு மறுமொழி இராது. ஆனால் நாம் அவ்வாறு வாழ்ந்தோமா?

ஆனந்தரங்கப் பிள்ளை 1745-இல் தம் நாட்குறிப்பில் எழுதியதைப் பாருங்கள். புதுவைச் சம்பா கோவிலுக்குள் சேரிக் கிறிஸ்தவரைப் பிரித்து நிறுத்திய ஒரு சுவர் இருந்தது. தாங்களும் குருவானவரின் பிள்ளைகள்தாமே என்று அவர்கள் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர் சினந்தெழுந்தனர். அது பழங்கதை என்று தள்ளவும் இயலாது. எங்கள் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட எறையூரில், 2008 மார்ச்சு மாதம் கத்தோலிக்கருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே சாதிக் கலவரம் மூண்டது. காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர்.

ஆகவே அரசிடம் நாம் நீட்டும் மனுவுக்கு ஆதாரம் நம் கோவிலுக்குள் நின்ற சுவரே. இது வெட்கத்துக்குரிய உண்மை. நீதி கேட்பதை அதற்காக நிறுத்த வேண்டுவதில்லை. ஆனால் கோட்டையை நோக்கிக் கை நீட்டுகிறவன், தன் பங்கில் திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குள் வராமலே திரும்புகிறது, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்பவற்றையும் கேட்கக் கடமைப்பட்டவன். முன்னதை மட்டும் கேட்பது அரசியல். இரண்டையும் சேர்த்துக் கேட்பதே விசுவாசம்.

அன்று அம்மாணவனுக்குச் சட்டத்தைச் சொன்னேன். கோவில் சுவரைப் பற்றிச் சொல்லவில்லை. அறியாமையால் அன்று, துணிவின்மையால். அந்தக் கடனை இன்று அடைக்கிறேன்.

என் அயல்வீட்டாருக்கு இப்போது நான் கூறும் விடை இதுதான்: சாமியார் எவர் பெயரையும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. வாக்குக் கேட்டு வருபவர் எம்மதத்தவராயினும் ஆகுக. சுவருக்கு அப்பால் நிற்பவனுக்கு அவர் என்ன செய்தார் என்று கேட்டு, என் வாக்கை இடுவேன். ஞாயிறன்று கோவிலில் முழந்தாளிடும்போது அதே கேள்வியை என்னிடமும் கேட்டுக்கொள்வேன்.