வாய் திறக்கும் வகுப்பறை

வகுப்பில் வாய் திறவாத பிள்ளையே நல்ல பிள்ளை என்று நெடுங்காலம் எண்ணி வந்தோம். அவ்வமைதியில் வளர்வது அறிவா, அச்சமா என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

தமிழகத்தில் இந்நிலையை மாற்ற எழுந்த முயற்சிகளுள் ஒன்று செயல்வழிக் கற்றல். 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய இம்முறை, 2007-08இல் மாநிலமெங்குமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளை எட்டியது. ஆசிரியர் மாணவரோடு பாயில் அமர்ந்தார். பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் கற்றனர்.

கலந்துரையாடலுக்கு எளிய வழியொன்றை 1981இல் அமெரிக்கக் கல்வியாளர் பிராங்க் லைமன் காட்டினார். வினா எழுந்ததும் ஒவ்வொருவரும் முதலில் தனித்துச் சிந்திப்பர்; பின்பு அருகிருப்பவரோடு பேசுவர்; இறுதியில் அனைவர்க்கும் உரைப்பர். 40 பேர் முன்னிலையில் நாவெழாத பிள்ளையும் ஒரு தோழனிடம் தயங்காது பேசும். "நொய்யல் ஆறு ஏன் நிறம் மாறியது?" என்று கேட்டால், சாயப்பட்டறைகளை அறிந்த திருப்பூர்ப் பிள்ளைக்குச் சொல்ல எவ்வளவோ உண்டு!

அன்புப் பெற்றோரே, மாலையில் மதிப்பெண்ணை விசாரிப்பதற்கு முன், "கண்ணு, இன்று வகுப்பில் நீ என்ன பேசினாய்?" என்று கேளுங்கள். "எதிர்த்துப் பேசாதே" என வீட்டில் நாம் அடைத்த வாயை, பள்ளியில் ஆசிரியர் ஒருவராகத் திறந்துவிட இயலாது.