உங்களுக்குத் தெரியுமா? ஒற்றை விரலின் பேஸ் கிதார்

பேஸ் கிதார் வாசிப்பவர்கள் பெரும்பாலும் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றித் தந்தியை மீட்டுவார்கள். 1960களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனோ வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றையே நம்பினார். அந்த விரலுக்குக் 'கொக்கி' என்றே பெயர்! பள்ளி நாளில் ஆளுயர டபுள் பேஸில் வாசித்துப் பழகிய கை அது.

அவருடைய 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிதாரில் தந்திகள் பலகையைவிட்டு நன்றாக எழும்பி நிற்கும். அழுத்தவே தனி வலு வேண்டும். அறுந்தாலொழியத் தந்தியை மாற்றமாட்டார். நாள்பட்ட தந்தி, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு. இரண்டும் சேர்ந்து ஒலியை இழுபடவிடாமல் 'தும்' என்று முடித்துவைக்கும். அதனால்தான் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே கேட்கிறது. ஸ்டீவி வொண்டரின் 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். பாடகரின் குரலோடு பேஸும் இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டே வரும்.

இவ்வளவு வாசித்தும் இசைத்தட்டு உறைகளில் நெடுநாள் அவர் பெயர் இல்லை என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான், 1971இல், பெயர் அச்சானது. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 2000இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் 1983லேயே காலமாகிவிட்டார்.