ஒரே எண் இருவருக்கா?

தகவல்களை அட்டவணைகளாக வைத்தாளும் முறையை 1970-இல் எட்கர் காட் என்னும் அறிஞர் வெளியிட்டார். அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம் வேண்டும். அதுவே முதன்மைத் திறவுகோல். நம் பதிவெண் போன்றது எனலாம்.

ஒரே எண் மறுமுறை வந்தால் போஸ்ட்கிரெஸ் மென்பொருள் ஏற்க மறுக்கும். நான் கண்டவரை காரணம் பெரும்பாலும் ஒன்றே: பழைய பட்டியலை, 1 முதல் 500 வரை, எண்களோடு ஏற்றிவிடுகிறோம். புதிய எண் வழங்கும் எண்ணி அதனை அறியாது. மீண்டும் 1 என்றே தொடங்குகிறது. பட்டியலின் மிகப் பெரிய எண்ணைக் கண்டு, எண்ணியை அவ்விடத்தில் நிறுத்தினால் அடுத்தது 501 ஆகும்.

தடையையே நீக்கிவிடலாம் என்பாரும் உளர். நண்பர்களே, அது வேண்டா! பின்னர் இருவரின் மதிப்பெண்கள் ஒரே எண்ணில் கலந்துவிடும். எது எவருடையது எனக் கணிப்பொறியாலும் பிரித்துரைக்க இயலாது.