குடல் அழற்சி நோயும் தீராக் களைப்பும்

குடல் அழற்சி நோய் என்றதும் வயிற்றுவலி, வயிற்றோட்டம், குருதிப்போக்கு ஆகியனவே நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்நோயுடன் வாழ்வோரிற் பலரை மிகுதியும் வாட்டுவது களைப்பேயாகும். இரவு முழுவதும் உறங்கி எழுந்த பின்னரும் மாடிப்படி ஏற இயலாத களைப்பு அது. வெளியே தெரியும் அடையாளம் எதுவும் இல்லாமையால் வீட்டாரும் வேலைத்தலத்தாரும் அதனைச் சோம்பல் என்று கருதிவிடுகின்றனர். இரவில் உணவகத்திற் கோப்பை கழுவிவிட்டுக் காலையில் மொழி வகுப்புக்குச் செல்பவன் களைத்திருப்பது இயல்புதானே என்று நோயாளரும் தம்மைத் தேற்றிக்கொள்கின்றனர். இதனால் சிகிச்சையளித்துத் தீர்க்கக்கூடிய காரணங்களும் கண்டறியப்படாமற் போகின்றன.

இந்நோயில் இரு முக்கிய வகைகள் உள்ளன. 1932ஆம் ஆண்டில் நியூயோர்க் வைத்தியர் பரில் குரோனும் அவருடைய சகாக்கள் இருவரும் விவரித்த குரோன்ஸ் நோய் ஒன்று. பெருங்குடலின் உட்படலத்தைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைற்றிஸ் மற்றையது. இவை வெள்ளையருக்கே உரியவை என எண்ணுதல் தவறு. இங்கிலாந்தின் லெஸ்ரர் பகுதியை ஆராய்ந்து 1992இல் வெளியான ஆய்வொன்று, இந்தியாவிலிருந்து குடியேறியோரிடையே இரண்டாவது வகை நோய் உள்ளூர் மக்களிடையே இருந்ததிலும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது.

களைப்பின் காரணங்கள்

அழற்சியின்போது உடலிற் சுரக்கும் இரசாயனங்கள் மூளையைத் தாக்கிச் சோர்வை உண்டாக்குகின்றன. குடற்புண்களிலிருந்து குருதி கசிவதால் இரும்புச்சத்துக் குறைந்து குருதிச்சோகை தோன்றுகிறது. சிறுகுடலின் கடைப்பகுதி பழுதுற்றாலோ, சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்டாலோ, விற்றமின் பி12 உறிஞ்சப்படுவதில்லை. வெயில் குறைந்த வட நாடுகளில் கருநிறத் தோலுடைய எமக்கு விற்றமின் டி குறைவதும் எளிது. இரவில் பலமுறை மலசலகூடம் செல்வதாலும் ஸ்ரெரோயிட் மருந்துகளாலும் உறக்கம் கெடுகிறது. மனச்சோர்வும் இவற்றுடன் சேர்ந்துகொள்ளும். நோய் தணிந்திருக்கும் காலத்திற்கூடப் பலருக்குக் களைப்பு நீங்குவதில்லை.

ஆகவே ஹீமோகுளோபின், பெரிட்டின், பி12, விற்றமின் டி ஆகியவற்றைப் பரிசோதிக்கும்படி வைத்தியரைக் கேட்டல் வேண்டும். அழற்சி இல்லாதபோது பெரிட்டின் லீற்றருக்கு 30 மைக்ரோகிராமிற் குறைந்தால் இரும்புக் குறைபாடு எனக் கொள்வர். அழற்சி உள்ளபோது அதன் அளவு உயர்ந்து காணப்படுமாதலால், 100 வரை இருப்பினும் குறைபாடு இருக்கலாம். இரும்புக் குளிசை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதனை நாளம் வழியாக ஏற்றவும் முடியும். குளிசையைத் தேநீருடன் விழுங்கலாகாது. தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். மரக்கறி உணவு மட்டுமே உண்போர் அதனை வைத்தியரிடம் தெரிவித்தல் நன்று.

சொல்லும் முறை

‘களைப்பாக இருக்கிறது’ என்று மட்டும் கூறினால் வைத்தியருக்கு அதன் கடுமை விளங்காது. எத்தனை மணிநேரம் உறங்கினீர்கள், எப்போது சோர்வு மிகுந்தது, எவ்வேலையைக் கைவிட்டீர்கள் என இரு வாரங்கள் குறித்துவைத்து அதனைக் காட்டுங்கள். பாடசாலைப் பிள்ளையை மொழிபெயர்ப்புக்கு அழைத்துச் செல்வது எம்மவர் வழக்கம். பிள்ளையின் முன்னால் மலத்திற் குருதி போவதையோ மனச்சோர்வையோ தாய்தந்தையர் மனம்விட்டுக் கூறுவதில்லை. பல வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெற முடியும். சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே அதனைக் கேளுங்கள்.

அன்றாட வாழ்வு

உடல் தெம்பாயிருக்கும் நாளில் எல்லா வேலைகளையும் செய்து முடித்துவிட்டு, அடுத்த இரு நாட்கள் படுக்கையிற் கிடப்போர் பலர். வேலைகளைப் பிரித்து, இடையிடையே ஓய்வெடுத்துச் செய்வதே தக்கது. இயன்றளவு நடத்தல் களைப்பைக் குறைக்க உதவும். பகலுறக்கம் குறுகியதாய் இருக்கட்டும். சற்றுச் சுகம் கண்டதும் மருந்தை நிறுத்துவது நோயை மீண்டும் கிளப்பிவிடக்கூடும்.

பிரான்சில் நீண்டகால நோய்களின் பட்டியலில் இவ்விரு நோய்களும் 24ஆம் இலக்கத்தின் கீழ் இடம்பெற்றுள்ளன. அதற்கான படிவத்தைக் குடும்ப வைத்தியரே நிரப்பி அனுப்புவார். ஏனைய நாடுகளில் வாழ்வோரும் தத்தமக்குரிய உதவிகளை வைத்தியரிடமோ சமூக சேவையாளரிடமோ விசாரித்தறிதல் வேண்டும்.

வீட்டில் இந்நோயாளர் ஒருவர் இருப்பின், அவர் பகலிற் படுத்திருப்பதைக் கண்டு கடிந்துகொள்ளாதீர்கள். அடுத்த முறை வைத்தியரிடம் செல்லும்போது துணையாகச் சென்று, நீங்கள் கண்டவற்றையும் எடுத்துரையுங்கள்.