ஒலிபெருக்கி இரைவது ஏன்?

நேற்றுவரை தெளிவாக ஒலித்த மேசைக் கணிப்பொறியில் இன்று இயக்க அமைப்பை மாற்றுகிறோம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் லினக்ஸுக்கு மாறியவர்களும் உண்டு. மாற்றியபின் பாட்டு நன்றாகவே கேட்கிறது. ஆனால் பாட்டு நின்ற சில வினாடிகளில் ‘டப்’ என்று ஓர் ஓசை. தொடர்ந்து ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல். ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது என்று எண்ணிப் புதிது வாங்கப் புறப்படுகிறோம். சற்றுப் பொறுங்கள்! கம்பியும் கருவியும் மாறவில்லை. மாறியவை நிரல்கள் மட்டுமே. நிரல்கள் இரைச்சலை உண்டாக்க முடியுமா? முடியும்.

உறங்கும் சில்லு

கணிப்பொறி பாட்டை எண்களாகவே வைத்திருக்கிறது. அவ்வெண்களை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றுவது தாய்ப்பலகையிலுள்ள ஒலிச் சில்லு. வேலையில்லாத நேரத்தில் இதனை உறங்கச் செய்து மின்சாரத்தைச் சேமிக்கலாம். எப்போது உறங்குவது என்பதை இயக்க அமைப்பிலுள்ள இயக்கி நிரல் முடிவு செய்கிறது. பழைய அமைப்பு சில்லை விழித்திருக்க விட்டிருக்கலாம். புதியது சில வினாடிகளிலேயே உறங்க வைக்கலாம்.

விழித்திருக்கும் சில்லின் வெளியீட்டு முனை பொதுவாக ஒரு நடு அழுத்தத்தில் நிற்கும். சில்லுக்கு 5 வோல்ட் வழங்கினால் இது ஏறத்தாழ 2.5 வோல்ட். இந்த நிலையான அழுத்தம் ஒலிபெருக்கிக்குச் செல்லாதவாறு ஒரு மின்தேக்கி தடுக்கிறது. சில்லு உறங்கும்போது நடு அழுத்தம் சட்டென விழுகிறது. நிலையான அழுத்தத்தைத் தடுக்கும் மின்தேக்கி, மாறும் அழுத்தத்தைத் தடுப்பதில்லை. எனவே ஒலிபெருக்கியின் கூம்பு ஒருமுறை உதைபடுகிறது. அதுவே ‘டப்’. பிறகு வெளியீட்டு முனை பிடிப்பின்றி விடப்பட்டால், கம்பி சுற்றுப்புறத்து மின் சலனங்களைப் பற்றிக்கொள்ளும். அதுவே இரைச்சல்.

சோதனையும் பரிகாரமும்

முதலில் ஏதேனும் ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, கணிப்பொறித் திரையில் அதன் ஒலியளவை மிகக் குறைத்து வையுங்கள். சில்லு இப்போது விழித்திருக்கும். இரைச்சல் மறைந்தால் உறக்கமே காரணம் எனலாம். லினக்ஸில் ‘எஸ்என்டி எச்டிஏ இன்டெல்’ என்னும் இயக்கி நிரலுக்குப் ‘பவர் சேவ்’ என்ற அமைப்பு உண்டு. எத்தனை வினாடி ஓய்வுக்குப் பின் உறங்குவது என்பதை அதிலுள்ள எண் குறிக்கும். அதை 0 ஆக்கினால் இந்த உறக்கம் நிற்கும். கூடுதல் மின்செலவு மிகச் சிறிது.

பாட்டின்போதும் இரைச்சல் நீடித்தால், ஒலிக்கலவைத் திரையைத் திறந்து பாருங்கள். புதிய அமைப்பு ஒலிவாங்கியின் வழியைத் திறந்து வைத்திருக்கலாம். பயன்படாத வழிகளை அடைத்துவிடுங்கள்.

அப்போதும் தீராவிட்டால், ஒலிபெருக்கியின் கம்பியை ஒரு கைப்பேசியிலோ வானொலிப் பெட்டியிலோ செருகுங்கள். அங்கும் இரைந்தால் குற்றம் ஒலிபெருக்கியிலோ கம்பியிலோ இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை

‘ம்ம்’ என்ற தாழ்ந்த முரல் ஓசை வேறு வகை. அது வினாடிக்கு 50 சுற்றுகள் கொண்ட நம் வீட்டு மின்சாரத்தின் குரல். கணிப்பொறியும் ஒலிபெருக்கியும் வெவ்வேறு இடங்களில் எர்த் கம்பியுடன் இணையும்போது, அவற்றுக்கிடையே சிறு மின்னோட்டம் சுற்றி வருவதால் இது எழலாம். இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகினால் பெரும்பாலும் அடங்கும்.

சிலர் செருகியின் எர்த் முனையை நீக்கிவிடுகிறார்கள். முரல் நிற்கும், ஆனால் பாதுகாப்பும் போய்விடும். பழுதினால் மின்சாரம் உலோகப் பெட்டியில் பாய்ந்தால், அதை நிலத்துக்குக் கொண்டுசென்று உருகியை அறுபடச் செய்வது அந்தக் கம்பியே. அது இல்லையேல், பெட்டியைத் தொடுபவரின் உடலே மின்சாரத்துக்கு வழியாகும். இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம், எர்த் கம்பியை ஒருபோதும் துண்டிக்கலாகாது.