அழாமல் கண்ணீர் வடிக்கும் பூனைகள்

மும்பை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பாரசீகப் பூனை வளர்ப்பது இப்பொழுது பரவலாகி விட்டது. மாதுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நம்மவர்கள் அதிகம் வசிக்கும் பகுதிகளும் இதற்கு விலக்கல்ல. நாய் வளர்த்தால் காலையும் மாலையும் வெளியே அழைத்துப் போக வேண்டும். பூனைக்கு அந்தத் தொல்லை இல்லை. அதிலும் பாரசீகப் பூனை சாது. பஞ்சுப் பொதி போன்ற ரோமம், உருண்டை முகம், பெரிய கண்கள். பார்த்தவுடன் குழந்தைகள் "வாங்கிக் கொடு" என்று அடம் பிடிக்கிறார்கள். பெற்றோரும் வாங்கிக் கொடுத்து விடுகிறார்கள்.

வாங்கி வந்த சில வாரங்களில் ஒரு கவலை தொடங்குகிறது. பூனையின் கண்ணுடைய உள்மூலையிலிருந்து மூக்கோரமாக ஒரு பழுப்புக் கோடு இறங்குகிறது. வெள்ளைப் பூனையானால், துருப்பிடித்த குழாயிலிருந்து சுவரில் வழிந்த கறை போலத் தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், "ஐயோ பாவம், பூனை அழுகிறதே! என்ன குறை வைத்தீர்கள்?" என்று கேட்கிறார்கள்.

பூனை அழவில்லை. துக்கம் வந்தால் கண்ணீர் விடும் வழக்கம் பூனைக்குக் கிடையாது. ஆனால் அந்தக் கோடு ஏன் வருகிறது, அதில் எது சாதாரணம், எது ஆபத்து என்பதை வளர்ப்பவர்கள் தெரிந்து கொள்வது அவசியம். சாதாரணக் கறைதானே என்று இருந்து விட்டால், பூனையின் பார்வையே பறிபோகக் கூடும்.

வடிகால் அடைபட்ட கண்

மனிதனைப் போலவே பூனையின் கண்ணிலும் எந்நேரமும் கண்ணீர் சுரந்து கொண்டே இருக்கிறது. கண்ணைக் காயாமல் காப்பதும், தூசியைக் கழுவுவதும் அதன் வேலை. வேலை முடிந்த கண்ணீர், கண்ணின் உள்மூலையில் உள்ள இரு சிறு துளைகள் வழியே இறங்கி, ஒரு மெல்லிய குழாய் மூலம் மூக்குக்குள் போய்ச் சேருகிறது. நாம் அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவதும், கண்ணில் விட்ட சொட்டு மருந்து சற்று நேரத்தில் தொண்டையில் கசப்பதும் இந்தக் குழாயினால்தான்.

மூக்கு நீண்ட சாதாரணப் பூனைக்கு இந்தக் குழாய் ஒழுங்காக இறங்குகிறது. பாரசீகப் பூனைக்கு முகம் தட்டையாகி விட்டதால், குழாய் போவதற்கு இடமில்லாமல் மடிந்தும் வளைந்தும் கிடக்கிறது. சில பூனைகளில் அது கோரைப் பல்லின் வேருக்கு அடியில் புகுந்து மறுபடி மேலேறுவதை ஸ்கேன் படங்கள் காட்டியுள்ளன. மழைக்காலத்தில் சாக்கடை அடைத்துக் கொண்டால் தெருவில் தண்ணீர் நிற்பதை மும்பைவாசிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே கதைதான். கீழே போக வழியில்லாத கண்ணீர் இமையைத் தாண்டி முகத்தில் வழிகிறது.

கண்ணீரில் போர்ஃபைரின் போன்ற நிறப் பொருள்கள் சிறிதளவு இருக்கின்றன. இரத்தத்துக்குச் சிவப்பு தரும் பொருளின் உறவுக்காரர்கள் இவை. ரோமத்தில் தங்கிக் காற்றும் வெளிச்சமும் படப்பட, செம்பழுப்பாகி விடுகின்றன. வெள்ளை, சந்தன நிறப் பூனைகளில் இது பளிச்சென்று தெரியும். கறுப்புப் பூனையில் தெரியாது. ஆனால் விரலால் தொட்டுப் பார்த்தால் அங்கும் ஈரம் இருக்கும்.

மூக்கு எங்கே போயிற்று?

பாரசீகப் பூனைக்கு ஆதியில் இப்படி முகம் இருக்கவில்லை. கீழை நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன நீண்ட ரோமப் பூனைகள் அங்கே பிரபுக்களின் மாளிகைகளில் இடம் பிடித்தன. 1871ஆம் ஆண்டு லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பெரிய பூனைக் கண்காட்சி நடந்தது. அதன் பிறகு போட்டி, பரிசு, வம்சப் பட்டியல் என்று ஒரு தொழிலே வளர்ந்தது. அக்காலத்துப் பாரசீகப் பூனைகளின் படங்களைப் பார்த்தால் அவற்றுக்கு நல்ல மூக்கு இருப்பது தெரியும்.

குழந்தை முகம் போல இருக்க வேண்டும் என்ற ஆசையில், முகம் குட்டையான பூனைகளையே தேர்ந்தெடுத்து இணை சேர்த்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை மூக்கு உள்ளே போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், மூக்கு இரு கண்களுக்கும் நடுவே ஏறி உட்கார்ந்து விட்டது. நம் நாட்டு வியாபாரிகள் இதைப் "பஞ்ச் ஃபேஸ்" என்கிறார்கள். ஓரளவு மூக்கு உள்ளதை "டால் ஃபேஸ்" என்கிறார்கள். பஞ்ச் ஃபேஸுக்கு விலை அதிகம். அதாவது, கண்ணீர் வடிகால் எவ்வளவுக்கு எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு விலை கூடுகிறது!

துடைக்கும் முறை

குழாயின் வளைவை நாம் நிமிர்த்த முடியாது. வழிவதைத் துடைப்பது ஒன்றே வழி. தினம் ஒரு முறை, அதிகம் வழியும் பூனைக்கு இரண்டு முறை துடைக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் மருந்து கலக்காத சாதாரண சலைனும் நல்லது. வெறும் பஞ்சின் இழைகள் கண்ணில் ஒட்டிக் கொள்ளும். அதைவிட, துவைத்துக் கொதிநீரில் போட்டு எடுத்த பழைய மல் வேட்டித் துணியைச் சிறு துண்டுகளாகக் கிழித்து வைத்துக் கொள்ளலாம்.

பூனையை மடியில், அதன் முதுகு நம் பக்கம் இருக்கும்படி உட்கார வைக்க வேண்டும். முரண்டு பிடித்தால் ஒரு துண்டில் சுற்றி முகத்தை மட்டும் வெளியே விடலாம். நனைத்துப் பிழிந்த துணியைக் கண்ணின் உள்மூலைக்குக் கீழே அரை நிமிடம் ஒற்றி வைத்தால், காய்ந்த பீளை ஊறி விடும். நகத்தால் சுரண்டக் கூடாது. ஊறிய பிறகு, கண்ணை விட்டு விலகும் திசையில், கீழ் நோக்கி மெதுவாகத் துடைக்க வேண்டும். விழியின் மேல் துணி படக்கூடாது. ஒரு கண்ணுக்கு உபயோகித்த துணியை மறு கண்ணுக்கு எடுக்கவே கூடாது. ஒரு கண்ணில் தொற்று இருந்தால் அடுத்த கண்ணுக்கும் நாமே கொண்டு சேர்த்தவர்கள் ஆவோம்.

கடைசியாக, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டு விடுகிறார்கள். மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் துணியே காய்வதில்லை. பூனையின் முக மடிப்பு எப்படிக் காயும்? ஈரம் தங்கினால் தோல் சிவந்து புண்ணாகி நாற்றம் எடுக்கும். பாரசீகப் பூனைகளுக்குப் படர்தாமரை எளிதில் வரும் என்பதும், அது வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். குழிந்த கிண்ணத்துக்குப் பதில் தட்டையான தட்டில் சாப்பாடு வைத்தால், உணவு முகத்தில் அப்பிக் கொள்வதும் குறையும்.

ஒரு விஷயத்தைச் சொல்லி விட வேண்டும். ரோமத்தில் ஏறிவிட்ட பழைய கறை ஒரே நாளில் போகாது. தினமும் துடைத்து வந்தால் புதிதாகக் கறை ஏறுவது குறையும். பழைய ரோமம் உதிர்ந்து புது ரோமம் வரும்போது முகம் வெளுக்கும். அவசரப்பட்டுக் கண்ணருகே கத்தரிக்கோலை எடுப்பது விபரீதத்தில் முடியும்.

கை வைத்தியம் வேண்டாம்

கண் நோய் என்றதும் நந்தியாவட்டைப் பூ, பன்னீர், தாய்ப்பால் என்று ஏதாவது சொல்ல நம் வீடுகளில் ஆள் உண்டு. பூனையின் கண்ணுக்கு இவை எதுவும் வேண்டாம். மஞ்சள் நீரும் தேயிலை நீரும் கறையை எடுப்பதற்குப் பதில் தம் பங்குக்கு ஒரு கறையை வைக்கும். கறை வெளுக்கும் என்று ஹைட்ரஜன் பெராக்சைடு தடவுகிறவர்களும் உண்டு. அது கண்ணில் பட்டால் கருவிழியை எரித்து விடும். மேலும், பூனை தன் முகத்தைக் காலால் துடைத்து அந்தக் காலை நக்கும் பிராணி. முகத்தில் தடவியது எல்லாம் வயிற்றுக்குப் போகும்.

கறை நீக்கும் பொடிகள் என்று விற்கப்படுபவற்றிலும் எச்சரிக்கை தேவை. நாய்க்கும் பூனைக்கும் கொடுக்கும் இத்தகைய சில பொருள்களில் டைலோசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கலந்திருப்பதாகவும், அந்த உபயோகத்துக்கு அதற்கு அனுமதி இல்லை என்றும் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2014ஆம் ஆண்டு எச்சரித்தது. ஒரு பழுப்புக் கோட்டை மறைப்பதற்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தால், உண்மையில் நோய் வரும் நாளில் மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, வீட்டில் யாருக்கோ வாங்கி மிஞ்சிய சொட்டு மருந்தைப் பூனைக்கு விடுவது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்து, பூனையின் கருவிழியில் புண்ணும் இருந்தால், புண் ஆழமாகிக் கண்ணே போய்விடும்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

தட்டை முகப் பூனைக்குக் கண்குழி ஆழமில்லை. விழி வெளியே பிதுங்கி நிற்கிறது. இமை சரியாக மூடாமல் விழி காய்கிறது. சில பூனைகளுக்குக் கீழிமை உள்நோக்கிச் சுருண்டு, ரோமம் விழியில் உராய்ந்து கொண்டே இருக்கும். காலில் முள் குத்தினால் நொண்டும் பூனை, கண் வலித்தால் சத்தம் போடுவதில்லை. மூலையில் போய்ச் சுருண்டு கொள்ளும். அதனால் வலியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரு கண்களிலும் ஒரே மாதிரி, பல மாதங்களாக, தெளிந்த நீரோ பழுப்பு நீரோ வழிந்தால் அது பெரும்பாலும் வடிகால் கோளாறு. அப்படியானாலும் ஒரு முறை டாக்டரிடம் காட்டி உறுதி செய்து கொள்வது நல்லது. கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது: ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று நீர் வழிவது, கண்ணைச் சுருக்கிக் கொள்வது, மஞ்சள் அல்லது பச்சைச் சீழ், விழி பால் போல மங்குவது, உள்மூலையிலிருந்து வெண்மையான மூன்றாவது இமை ஏறி நிற்பது, தும்மலும் சாப்பிடாமையும் சேர்ந்து வருவது. தும்மலோடு வரும் கண் நோய்க்குப் பூனைகளின் ஹெர்பிஸ் வைரஸ் காரணமாக இருக்கலாம். அது மனிதர்களுக்குத் தொற்றாது.

கருவிழியின் மேல் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தோன்றினால் அது மிகவும் கவனிக்க வேண்டியது. கருவிழியின் ஒரு பகுதி செத்துப் போய்க் கறுக்கும் இந்த நோய் பாரசீக இனத்தில் அதிகம். பல சமயம் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

டாக்டர் கண்ணில் ஒரு மஞ்சள் சாயத்தைச் சொட்டுவார். கருவிழியில் புண் இருந்தால் அந்த இடம் பச்சையாகத் தெரியும். சாயம் மூக்குத் துவாரத்தில் எட்டிப் பார்த்தால் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். பீளையால் அடைத்த குழாயை மயக்க மருந்து கொடுத்துக் கழுவலாம். சுருண்ட இமையை அறுவை சிகிச்சையால் சரி செய்யலாம். மண்டை ஓட்டின் அமைப்பினாலேயே மடிந்து போன குழாய்க்குக் கழுவியும் பலன் இல்லை.

மும்பையில் பரேலில் உள்ள பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் பிராணிகள் மருத்துவமனை பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. 1886இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பரேலில்தான் இருக்கிறது. மத்திய ரயில்வேயில் வருபவர்கள் பரேலிலும், மேற்கு ரயில்வேயில் வருபவர்கள் 2018 வரை எல்பின்ஸ்டன் ரோடு எனப்பட்ட பிரபாதேவியிலும் இறங்க வேண்டும்.

வாங்குமுன் ஒரு பார்வை

பிரிட்டனில் பூனைப் போட்டிகளுக்கு ஒரு விதி உண்டு. பாரசீகப் பூனையின் மூக்கு நுனியின் மேல் விளிம்பு, கீழிமையின் விளிம்பைவிட உயரமாக இருக்கக் கூடாது என்பதே அது. குட்டி வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு கோட்டை மனத்தில் கொண்டு, முகத்தைப் பக்கவாட்டில் பார்ப்பது நல்லது. தாய்ப் பூனையின் கண்ணையும் பார்க்க வேண்டும். தாயின் முகத்தில் வழியும் கோடு குட்டியின் முகத்திலும் வரும் என்று எதிர்பார்க்கலாம். மூக்குள்ள குட்டியைக் கேட்டு வாங்குகிறவர்கள் அதிகமானால், மூக்கில்லாத குட்டிகளை உண்டாக்கும் வியாபாரம் தானே குறையும்.

ஏற்கெனவே வாங்கி விட்டவர்கள் வருந்திப் பயனில்லை. தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். முகம் அழகாக இருப்பதற்காக மட்டும் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிட வேண்டாம். துணியை எடுக்குமுன் இரு கண்களையும் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நேற்று இருந்தது போல இன்றும் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். கறை ஒரு நாள் துடைக்காவிட்டால் மறுநாள் துடைத்துக் கொள்ளலாம். கருவிழியில் விழுந்த புண் மறுநாள் வரை காத்திருக்காது.