உப்பு எப்போது வரும்? கம்ப்யூட்டர் சொல்லும் கணக்கை எப்படிப் படிப்பது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பகுதிப் பாலாற்று விவசாயிகளுக்குத் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் புதிய சேதி அல்ல. இதுகுறித்து உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பும் அளித்துவிட்டது. ஆனால், நிலத்துக்குள் இறங்கிய உப்பு தீர்ப்போடு நின்றுவிடாது. நிலத்தடி நீரோடு சேர்ந்து மெல்ல நகரும். மாங்கன்று நடலாமா, இன்னொரு போர் போடலாமா என்று யோசிப்பவருக்கு ஒரே கேள்விதான்: என் கிணற்றுக்கு அது எப்போது வரும்?

இதற்கு விடை தேடவே கம்ப்யூட்டர் மாதிரிகள் உள்ளன. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1984-ல் வெளியிட்ட ‘மோட்ஃப்ளோ’ உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மேல் பாலாற்றுப் படுகைக்கு ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் இத்தகைய மாதிரியை உருவாக்கியுள்ளனர்.

ஐந்தா, இருபத்தைந்தா?

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். உப்பு இருக்கும் இடத்திலிருந்து கிணறு 365 மீட்டர் தள்ளி இருக்கிறது. நீர்மட்டம் கிலோமீட்டருக்கு 2 மீட்டர் சரிகிறது. நீர் ஓடக்கூடிய இடைவெளி மண்ணில் பத்தில் ஒரு பங்கு. மண்ணின் நீர் கடத்தும் திறன் நாளுக்கு 5 மீட்டர் என்று வைத்தால், உப்பு வந்துசேர 10 ஆண்டு ஆகும். அதையே 10 மீட்டர் என்று வைத்தால் 5 ஆண்டு; 2 மீட்டர் என்றால் 25 ஆண்டு.

ஆற்றோரத்தில் மணல், சற்றுத் தள்ளினால் வெடிப்புள்ள பாறை என்று மாறும் நிலத்தில் இந்தத் திறன் கிணற்றுக்குக் கிணறு வேறுபடும். மழைநீர் எவ்வளவு இறங்குகிறது என்பதும் மதிப்பீடுதான். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், எவ்வளவு நீர் இறைக்கிறோம் என்பதற்கும் சரியான கணக்கு இல்லை. உப்பு நீரோடு நீராகப் போகும். குரோமியமோ பெரும்பாலும் மண்ணில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும்.

எனவே, விஞ்ஞானிகள் மாதிரியை ஒருமுறை மட்டும் ஓட்டுவதில்லை. எண்களை மாற்றி மாற்றி ஆயிரம் முறைகூட ஓட்டுவார்கள். அவற்றில் 900 முறை விடை 6 முதல் 20 ஆண்டுக்குள் விழுந்தால், அந்த இடைவெளிதான் உண்மையான பதில். ‘பத்து ஆண்டு’ என்று ஒற்றை எண் மட்டும் சொல்வது பாதிப் பதில்தான்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பழைய நீர்மட்டத்தோடு சரியாகப் பொருந்தும் இரண்டு மாதிரிகள், வருங்காலத்தைப் பற்றி வேறுவேறு விடை தரலாம். நேற்றைய கணக்கு சரியாக வந்தது என்பதற்காக, நாளைய கணக்கும் சரியாகவே வரும் என்று சொல்ல முடியாது.

எந்த எண்ணை நம்புவது?

முடிவைப் பொறுத்தது. நிலக்கடலை போடுபவர் அடுத்த பருவத்தில் பயிரை மாற்றிக்கொள்ளலாம். மாந்தோப்பு வைப்பவரால் அப்படி முடியாது. மா உப்பைத் தாங்காத மரம். அவர் இடைவெளியின் குறைந்த எண்ணையே கணக்கில் கொள்ள வேண்டும்.

மாதிரி முடிவோடு அதிகாரிகளோ ஆய்வாளர்களோ ஊருக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: குறைந்தது எத்தனை ஆண்டு, அதிகம் எத்தனை? எத்தனை கிணறுகளில் அளந்தீர்கள்? நாங்கள் இறைக்கும் நீரை எவ்வளவு என்று வைத்தீர்கள்?

விவசாயி செய்ய வேண்டியது

இடைவெளியைச் சுருக்கும் வழி நம் கிணற்றிலும் இருக்கிறது.

● கோடையில் ஒருமுறை, மழைக்காலம் முடிந்து ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள்.

● மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, அதே நீரால் மூன்று முறை கழுவிய பாட்டிலில் மாதிரி எடுங்கள்.

● அரசு மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் இ.சி. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

● போர் ஆழம், எத்தனை அடியில் பாறை வந்தது, தினமும் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது ஆகியவற்றையும் எழுதுங்கள்.

ஐந்து ஆண்டு எழுதிய ஒரு நோட்டு இருந்தால், உப்பு நெருங்குவது பயிர் கருகும் முன்பே இ.சி. எண்ணில் தெரிந்துவிடும். மாதிரி போட வருபவருக்கும் அந்த நோட்டைவிடப் பெரிய உதவி இல்லை.